பச்சைக்கு எதிர்ப்பக்கம்

வேரியோ கூவிக்கொண்டிருந்தது. உயரமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலாவது 'மேலே போகிறாய்' என்கிறது. இரண்டாவது 'கீழே போகிறாய்' என்கிறது. இரண்டில் ஒன்று என்னை ஏமாற்றுகிறது. எது என்று கண்டுபிடிக்க எனக்கு இருந்தது, தாராளமாகக் கணக்குப் போட்டாலும், இரண்டு மூன்று நிமிஷம். கீழே மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களின் புடவை நிறங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. (மெட்ராஸ் வாசகர்களுக்கு: உங்கள் வேர்க்கடலைதான் எங்கள் மல்லாட்டை.)

என் முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. அதில் நான் சுற்றும் வட்டம் புள்ளி புள்ளியாக வரைந்திருந்தது. நல்ல காற்று இருக்கும் பக்கம் பச்சைப் புள்ளி, மோசமான பக்கம் சிவப்பு. பச்சை இருக்கும் பக்கமாக வட்டத்தை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் வித்தை. நான் நகர்த்தினேன். மறுபடி நகர்த்தினேன். ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பொம்பளைக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அன்றைக்கு அந்தத் திரையை ஓங்கிக் குத்தலாம் போலிருந்தது.

ஏரிக்குள் ஒரு விமான நிலையம்

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பெரிய ஏரி. பங்குனியில் காய்ந்தால் ஐப்பசி மழை வரும்வரை அதன் வயிறு கட்டாந்தரை. அந்தத் தரையில்தான் எங்கள் கிளைடர் பறந்தது. இன்ஜின் இல்லாத விமானம். அனுமதிக்காக அலைந்த கதையை முன்பே எழுதிவிட்டேன், நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது.

எங்கள் குழுவில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவன் பயிற்சியாளன் நவீன். மரக்காணம் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். தரையில் 'அக்கா' என்பான், மேலே போனால் அதே 'அக்கா'வைச் சேர்த்துக்கொண்டே திட்டுவான். இன்னொருவர் கோதண்டம் அண்ணன். ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறார், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார், வாரக் கடைசியில் எங்களுக்கு விஞ்ச் ஓட்டுவார். விஞ்ச் என்றால் ஏரியின் ஒரு கோடியில் நிற்கும் உருளை. நீளக் கயிற்றைச் சர்ரென்று சுருட்டி இழுக்கும். மறுகோடியில் கயிற்றின் நுனியில் இருக்கும் கிளைடர், பட்டம் மாதிரி ஜிவ்வென்று மேலே ஏறும். கோதண்டம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் ஆக்சிலேட்டரை மிதிப்பார். 'கால்ல தெரியணும்மா வண்டி' என்பார். என் மாணவர்களிடம் நான் இதைச் சொன்னால் அடுத்த நாளே எல்லாரும் செருப்பில்லாமல் வருவார்கள் என்பதால் சொன்னதில்லை.

கயிறு நம்மை நானூறு மீட்டரில் விட்டுவிடும். அதற்குமேல் நம் பாடு. சும்மா வந்தால் சில நிமிஷத்தில் தரைக்கு வந்துவிடலாம். மேலே போக வேண்டுமென்றால் வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து கிளம்பும் சூடான காற்றைப் பிடிக்க வேண்டும். அதற்குத் தெர்மல் என்று பெயர். பருந்து இறக்கையே அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஏறுகிறதே, அது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆயிரம் மீட்டர் வேண்டியிருந்தது.

கயிற்றை விட்டபிறகு நாம் தொட்ட மிகத் தாழ்வான இடத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறிக்காட்ட வேண்டும். வண்டிக்குள் இருக்கும் பதிவுக்கருவி அதற்குச் சாட்சி. ஏறினால் ஒரு சின்னப் பதக்கம். அது இருந்தால்தான் நவீன் என்னை ஏரியை விட்டு வெளியே, ஊர் தாண்டி ஊர், தனியாகப் பறக்க விடுவான். முந்தைய சீசனில் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தேன். இந்த முறை இன்னொரு சங்கடம். கிளைடர் பெங்களூர் நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தது. மழை தொடங்கியதும் திருப்பித் தரச் சொல்லியிருந்தார். ஏரி நிரம்பினால் இடமும் போச்சு, வண்டியும் போச்சு. வண்டி திரும்ப வரும் என்று நிச்சயமில்லை.

வானிலைக்காரர்கள் மழையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது விஜயதசமி ஒரு நாள்தான்.

பீப் என்றால் மேலே

வேரியோ பற்றி இரண்டு வார்த்தை. இல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது புரியாது.

லிஃப்டில் ஏறும்போது கிளம்புகிற அந்த ஒரு நொடிதான் வயிறு சொல்லும். அதற்கப்புறம் ஏறுகிறோமா நிற்கிறோமா என்று தெரியாது. கிளைடரிலும் அப்படித்தான். அந்த வேலையைச் செய்வது வேரியோ. காற்றழுத்தத்தை முகர்ந்து பார்த்து, ஏறினால் பீப் பீப் என்று துள்ளும், இறங்கினால் ம்ம்ம் என்று முனகும். கண்ணை வெளியே வைத்துக்கொண்டு காதால் ஓட்டலாம்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து வண்டி கொஞ்சம் மேலே எம்பும். அது நம் வேகத்தைச் செலவழித்து ஏறியது, காற்று தூக்கியது இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல, வாலில் விரல் கனத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஓட்டைகள். வேரியோவுக்கு அதுதான் மூக்கு.

முதன்முதலில் நவீனோடு போனபோது திரையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி வந்தது. "இன்னாக்கா, சீரியலா பாக்குறீங்க? வெளிய பாருங்க. அத ஒரு பார்வ, ஆகாசத்த பத்து பார்வ" என்று கத்தினான். கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று ஊரெல்லாம் கத்துகிற எனக்கே இந்தக் கதி. என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் கேட்டிருந்தால் மனசு குளிர்ந்திருக்கும்.

ஆனால் அவன் சொல்லிக்கொடுத்த இன்னொன்று வைரம். "அந்த ஸ்கிரீன் சொல்றது எல்லாம் பழைய செய்திக்கா. நீங்க இப்ப இருக்கற எடத்த அது சொல்லாது. கொஞ்சம் முன்னாடி இருந்த எடத்த தான் சொல்லும்."

கொஞ்சம் என்றால் ஓரிரு நொடி. நல்ல கருவியில் அவ்வளவுதான் தாமதம். பழகிவிட்டால் கை தானாகக் கழித்துக்கொள்ளும்.

கொம்புக்குச் சந்தனம்

ஆயுத பூஜையைக் கோதண்டம் அண்ணன் பொறுப்பில் விட்டிருந்தோம். விட்டால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது கிளைடர் மணப்பெண் கோலத்தில் நின்றது. மூக்கில் பட்டை, இறக்கை இரண்டிலும் வரிசையாகச் சந்தனம் குங்குமம், வாழைக்கன்று, மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். விஞ்சுக்கு அதைவிடப் பெரிய மாலை.

"வால்ல இருக்கற கொம்ப உட்டுட்டா சாமி குத்தம் ஆயிடும்மா. மாட்டுக்குக் கொம்புக்கு வெக்காம எங்கயாவது பூஜ பண்ணுவாங்களா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வேரியோவின் மூக்குக் குழாயில், நுனி மறையும்படி, ஒரு கொழுக்கட்டை அளவுக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

நவீன் தலையில் அடித்துக்கொண்டான். அவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பொரி கடலை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். மறுநாள் காலையில் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தோம். குழாயை நவீன்தான் துடைத்தான். பளபளவென்று இருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தால் வெளியே இருப்பது உள்ளே போகும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பச்சை பொய் சொல்கிறது

விஜயதசமி. பத்து மணிக்கே குட்டி குட்டி மேகம் பூக்க ஆரம்பித்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேகம் என்றால் அதனடியில் தெர்மல்.

"மேகத்தோட அடி கம்மியா இருக்குக்கா. இன்னும் மேல போவும், வெய்ட் பண்லாம்" என்றான் நவீன். அப்போதுதான் மரக்காணத்திலிருந்து அவன் சித்தப்பாவின் போன். பேசி முடித்து என்னைப் பார்த்தான். "கடக்காத்து திரும்பிடுச்சாம். சீக்கிரமே வந்துக்கினு இருக்குது. ஜல்தி ஏறுங்க."

கடல்காற்று உள்ளே வந்தால் நிலம் குளிர்ந்துவிடும், தெர்மல் செத்துவிடும். போய் உட்கார்ந்து பெல்ட் மாட்டினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கயிறு இறுகியது. அடுத்த நொடி மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. எத்தனை தடவை போனாலும் அந்த இழுப்பில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சத்தமாக.

நானூறில் கயிற்றை விட்டேன். கிழக்கே, கல் உடைக்கும் கிரஷர் ஒன்று உண்டு. வெள்ளைப் பாறையும் தகரக் கொட்டகையும் காய்ந்து எப்போதும் ஒரு தெர்மலைக் கொடுக்கும். அங்கே போனேன். வேரியோ துள்ளியது. சாய்த்தேன், சுற்றினேன். திரையில் பச்சைப் புள்ளிகள் பூத்தன, கிரஷர் பக்கமாக. அந்தப் பக்கம் வட்டத்தை நகர்த்தினேன்.

முந்நூற்றைம்பது.

பச்சை இப்போதும் கிரஷர் பக்கம். மறுபடி நகர்த்தினேன். முந்நூறு.

"அக்கா, ஏன் எறங்குறீங்க?" ரேடியோவில் நவீன்.

"எனக்கா ஆசை? பச்சை காட்டுது, அந்தப் பக்கம்தான் போறேன்!"

"இதுக்குக் கீழ வேணாம். நெலம் பாத்துக்கோங்க."

பார்த்துவிட்டேன். மல்லாட்டை பிடுங்கி முடித்த செம்மண், நீளமாக, கம்பி கம்பம் எதுவும் இல்லாமல். இறங்கிவிடலாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இறங்கினால் முடிந்தது. இன்னொரு தடவை ஏறுவதற்குள் கடல்காற்று வந்துவிடும், நாளைக்கு மழை, அப்புறம் வண்டி பெங்களூர். இன்னும் ஒரே ஒரு சுற்று, அதற்குப் பிறகு நேராக அந்த நிலம் என்று முடிவு செய்தேன்.

அந்த ஒரு சுற்றில் திரையைப் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்தேன்.

வட்டத்தின் மறுபக்கம், ரயில் பாதை ஓடும் பக்கம் வந்தபோது சீட் என்னை அடியிலிருந்து நிமிண்டியது. உயரமானி முள் நின்றது, லேசாக மேலே நகர்ந்தது. வேரியோ முனகியது. அரை வட்டம் சுற்றி எதிர்ப்பக்கம், கிரஷர் பக்கம் வந்தேன். முள் இறங்கியது. அப்போது பீப் பீப் என்று கூவியது பாருங்கள்!

எனக்குப் புல்லரித்துவிட்டது.

இது பொய் சொல்லவில்லை. தாமதமாக உண்மை சொல்கிறது! ஓரிரு நொடி அல்ல, அரை வட்டம் தாமதம். ரயில் பாதைப் பக்கம் முகர்ந்ததை கிரஷர் பக்கம் வந்து சொல்கிறது. மூக்கு அடைத்திருக்கிறது. சந்தனம்!

உயரமானிக்குக் காற்று வருவது வேறு துளைகள் வழியாக, வண்டி உடம்பின் பக்கவாட்டில். அங்கே அண்ணன் பொட்டு வைக்கவில்லை.

வெள்ளைத் தூசி

அப்படியானால் கணக்கு எளிது. திரை எந்தப் பக்கம் பச்சை காட்டுகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். வேகத்தையும் சாய்வையும் மாற்றவே கூடாது. மாற்றினால் அரை வட்டக் கணக்கு குலைந்துவிடும்.

சொல்வது சுலபம். பச்சை வா வா என்று கூப்பிடும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக மனசு ஒப்ப வேண்டுமே. கிரஷரைப் பார்த்தேன். அதிலிருந்து கிளம்பிய வெள்ளைத் தூசி நேராக எழும்பவில்லை, ரயில் பாதைப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது. சூடான காற்று அங்கேதான் இருக்கிறது என்று தூசியும் சொல்கிறது.

ரயில் பாதைப் பக்கம் வட்டத்தை நகர்த்தினேன். பழைய சாய்வுக்கே திரும்பினேன்.

இறக்கையை யாரோ தோள் கொடுத்துத் தூக்கிய மாதிரி வண்டி எழும்பியது. வேரியோ அப்போதும் முனகிக்கொண்டுதான் இருந்தது. முனகட்டும்! முள் ஏறியது. முந்நூறு, முந்நூற்றைம்பது. சிவப்புப் புள்ளி எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி அங்கே போனேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். முழு வட்டமும் பச்சையானது. எல்லாப் பக்கமும் நல்ல காற்று என்றால் தாமதமாகச் சொன்னாலும் அதே பதில்தானே. அப்போதுதான் வேரியோவும் நானும் ஒரே கருத்துக்கு வந்தோம். அது விடாமல் கூவியது, நானும் கூவினேன். ரேடியோ பொத்தானை அழுத்தியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அக்கா? அக்கா? இன்னா ஆச்சு?"

"ஏறுறேன்டா! ஏறுறேன்!"

ஆயிரம் மீட்டரைத் தாண்டும்போது வலப்பக்கம் ஒரு கோடு பளிச்சென்றது. கடல். இந்தப் பக்கம் திண்டிவனம், அந்தப் பக்கம் விழுப்புரத்தில் தண்டவாளங்கள் பிரியும் இடம், நடுவில் திருவக்கரைப் பாறைக் குழிகள். தினமும் கிளச்சையும் பிரேக்கையும் திட்டிக்கொண்டு நான் சுற்றும் பூமி முழுக்க என் முழங்காலுக்குக் கீழே கிடந்தது.

மேகத்தின் அடி இருட்டாக அருகில் வந்தது. அதற்குள் நுழையக் கூடாது. ஆயிரத்து முந்நூற்று முப்பதில் விலகினேன்.

முள்

இறங்கும் வழியெல்லாம் கோதண்டம் அண்ணனுக்காக வசவுகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஆளைக் காணோம். விஞ்ச் அருகே அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

நவீன் ஓடிவந்தான். நான் கையைக் காட்டியதும் வாலுக்குப் போய்க் குழாயைக் கழற்றினான். குண்டூசியால் குத்த, மஞ்சளாக ஒரு துளி வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பதிவுக்கருவியை லேப்டாப்பில் சொருகினான்.

"சொல்லுடா. ஆச்சா இல்லியா?"

"ஆச்சுக்கா. எரநூத்தி எம்பதுலர்ந்து ஆயிரத்து முந்நூத்தி முப்பது. ஆயிரத்து அம்பது." திரையை என் பக்கம் திருப்பினான். "ஆனா பாருங்க, மேகமே அவ்ளோதான். அதுக்கு மேல இன்னிக்கு ஆண்டவனே ஏற முடியாது. கயிறு உட்ட நானூறுலர்ந்து நேரா ஏறியிருந்தீங்கன்னா தொள்ளாயிரத்தி முப்பது. பதக்கம் கெடையாது. நீங்க அவ்ளோ கீழ வந்ததாலதான் ஆயிரம் வந்துச்சு."

கீழே கொண்டுவந்தது சந்தனம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் ஏரிக்கரை மேல் கோதண்டம் அண்ணன் தெரிந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். நான் பனைமரங்களுக்குப் பின்னால் தாழ்ந்து மறைந்ததைப் பார்த்ததும், விழுந்துவிட்டேன் என்று நினைத்து, வெறுங்காலோடு கருவேலங்காட்டுக்குள் குறுக்கே ஓடியிருக்கிறார். மரங்களுக்குள் இருந்ததால் நான் ஏறியது தெரியவே இல்லை. செம்மண் நிலம் வரைக்கும் போய், மல்லாட்டை பிடுங்கும் பெண்களிடம் விமானம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவர்கள் மேலே கையைக் காட்டினார்களாம்.

என்னைப் பார்த்ததும் அவர் உதடு துடித்தது. "நல்லாக்கீறியாமா?"

அடுக்கி வைத்த வசவு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி, அவர் காலை மடியில் இழுத்து வைத்து முள்ளைத் தேட ஆரம்பித்தேன். "யம்மா, வேணாம்மா, கால எல்லாம் தொட்டுக்கினு" என்று கூசினார். நான் விடவில்லை.

"எவ்ளோ மேல போன?"

"ஆயிரத்துக்கு மேலண்ணே. கெடச்சிடுச்சு."

வலியையும் மீறி அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நெஞ்சை நிமிர்த்தி நவீனைப் பார்த்தார். "தலைல அடிச்சிக்கினியே நேத்து! பாத்தியா? எல்லாம் நான் கொம்புக்கு வெச்ச சந்தனம்தான்."

நவீன் குழாயைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆமாண்ணே," என்றேன். "அதேதான்."

இன்னொரு காலையும் நீட்டச் சொன்னேன்.